கனமில்லாத ஸ்டாண்ட்

"கட்டின புருஷனைத் துரத்திட்டு, அவன் நின்ன இடத்துல கம்பியை நிக்க வைக்கப் போறாளாமே உங்கம்மா! அதையும் நீதான் செஞ்சு குடுக்கணுமா?" போனில் பொரிந்து தள்ளினாள் அத்தை. அப்பாவின் அக்கா.

நான்தான் செய்யணும். ஸ்கூலுக்கு டாட்டா காட்டிவிட்டு அலுமினிய ஜன்னல் பட்டறையில் சேர்ந்தவள், வீட்டில் நான் ஒருத்திதானே.

அத்தை சொன்னதில் எனக்கும் தப்பு எதுவும் தெரியவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வில்வித்தை கிளப்புக்குப் போவாள். ஒரு சுற்று அம்பு விட்டதும், எல்லாரும் வில்லை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அம்பு பிடுங்கப் போவார்கள். அம்மாவிடம் மட்டும் ஸ்டாண்ட் கிடையாது. அப்பா இருந்தார். பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொள்வார்.

போன மாதம் கிளப் போட்டி. அம்மா நாணை இழுத்துக் குறி பார்க்கிற நேரத்தில், "கொஞ்சம் இடது பக்கம்" என்று வாயை விட்டார் அப்பா. அம்பு எங்கேயோ போனது.

"வாயைத் திறக்காதீங்கன்னா! நீங்க இங்க ஒரு ஸ்டாண்ட், அவ்வளவுதான்!"

மொத்த கிளப்பும் திரும்பிப் பார்த்தது.

அப்பா வில்லை ஒரு நாற்காலியில் வைத்தார். "அப்ப ஒரு ஸ்டாண்டே வச்சுக்கோ" என்றார். அத்தை வீட்டுக்குப் போனவர்தான்.

அவரும் வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

வாசலில் பைக் சத்தம் கேட்டால், அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் டிவி ரிமோட்டுக்குக் கை நீட்டுவோம், சத்தத்தைக் குறைக்க. பக்கத்து வீட்டு பைக்காக இருக்கும். மறுபடி கூட்டுவோம்.

ஞாயிறு காலையில் அப்பா எனக்குப் போன் செய்வார். "அங்க காத்தடிக்குதா?" அத்தை வீடு நாலு தெரு தள்ளி. அங்கே வேறு காற்றா?

"ஸ்டாண்ட் லேசா இருக்கணும். மடக்கிப் பையில போட்டுக்கணும். ஒத்தை ஆளா தூக்கிட்டுப் போவேன், யார் தயவும் வேண்டாம்" என்றாள் அம்மா.

மெல்லிய குழாயில் மூன்று கால். மேலே கொக்கி. வில்லில் கீறல் விழாமலிருக்கக் கொக்கிக்கு ரப்பர் உறை. மடக்கினால் குடை அளவு. கிளப்பில் எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி முழங்கால் உயரம்.

"ரொம்பக் குட்டை."

இடுப்பு உயரத்துக்கு இன்னொன்று செய்தேன்.

"இன்னும் உயரமா வேணும்."

"இதுக்கு மேல போனா காத்துல சாயும்மா. அடியில இரும்பு வைக்கணும். அப்புறம் அதைத் தூக்க ஆள் தேடணும். லேசாவும் வேணும், உயரமாவும் வேணும், சாயவும் கூடாதுன்னா எப்படி?"

"செய்யத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

"அப்பா ஏன் போனாருன்னு இப்பத்தான் புரியுது."

சொல்லியே விட்டேன். அம்மா வில்லைத் துடைத்தாள். அதன் நுனியில் புதுசாக ஒரு சிராய்ப்பு.

"இது எப்படி?"

"கை வழுக்கிடுச்சு."

அந்த ஞாயிறு, அளவு டேப்போடு நானும் கிளப்புக்குப் போனேன். இடுப்பு உயர ஸ்டாண்டை அவள் பக்கத்தில் விரித்து வைத்தேன். என்னதான் குறை என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மூன்று அம்பு விட்டாள். மூன்றாவது, இலக்குப் பலகையின் நடு மஞ்சளில் போய் நின்றது.

அம்மா முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த மஞ்சளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எடுக்காமலே, இடது கையை வில்லோடு பின்பக்கம் நீட்டினாள். விரலை விட்டாள்.

ஸ்டாண்டுக்கு ரொம்ப மேலே. வெறும் காற்றில்.

வில் ஸ்டாண்டின் தலையில் இடித்து, அதையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது.

"என்னங்க, மறுபடியும் கை வழுக்கிடுச்சா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"ஆமாங்க."

வழுக்கவே இல்லை. நான் பார்த்தேனே.

டேப்பை உருவினேன். "எவ்வளவு உயரம்னு சரியா சொல்லும்மா. அப்படியே செஞ்சுடறேன்."

அம்மா யோசிக்கவே இல்லை. "என் தோளுக்கு ரெண்டு விரல் கீழ. ஒரு எட்டு பின்னால தள்ளி. அவர் கை அங்கதான்..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

நான் டேப்பைச் சுருட்டினேன்.

"அந்த அளவுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்மா. அத்தை வீட்டுல."

அம்மா குனிந்து வில்லை எடுத்தாள். மண்ணைத் தட்டினாள். மண் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அது பேசுமேடி" என்றாள். "பேசினாத்தான் என்ன, பேசட்டும். ஆனா நான் சொன்ன சொல்லுக்கு... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வருவேன்?"

"தூக்கவே வேண்டாம்மா. நீ கூப்பிட்டா நடந்தே வரும்."