மறைக்காத முகம்

அந்த அம்மாள் ரொட்டியைத் தொடவே இல்லை.

ஜிபெக் தட்டை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினாள். "ஒரு துண்டாவது பிச்சு வாயில போடுங்கம்மா. வந்த இடத்துல ரொட்டியைத் தொடாம போனா நல்லாவா இருக்கு?"

"இறங்காது கண்ணு. என் மிர்லானைக் காட்டிரு, அது போதும். இருபது நாளாச்சு அவனைப் பார்த்து. உசிரோட இருக்கானான்னு தெரிஞ்சாக்கூடப் போதும்."

ஜிபெக்குக்கு உள்ளுக்குள் உறுத்தியது. கெடுதல் நினைத்து வருகிறவர்கள்தான் ரொட்டியில் கை வைக்க மாட்டார்கள் என்பது பிஷ்கெக் நகரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தின்ற இடத்துக்குத் துரோகம் செய்ய யாருக்குத்தான் மனசு வரும்?

சதுக்கத்தில் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்திய அன்று காமிராவோடு கூட்டத்தின் நடுவே நின்றவள் ஜிபெக். சினிமா, ஊடகம் பற்றிய முதுகலைப் படிப்பில் இரண்டாம் வருடம். கூட்டத்தைப் படம்பிடிக்கிறவருக்கு அந்தக் கூட்டத்தின் மேல் என்ன கடமை என்பதுதான் அவள் ஆய்வு. கொடுக்க இன்னும் ஒன்பதே நாள் இருந்தது.

யார் யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட படங்களை வைத்தே போலீஸ் நாற்பது பேரை வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதனால் ஜிபெக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு முகமாக மங்கலாக்கிக்கொண்டிருந்தாள். முகம் மறைக்காத மூலப்படம் இந்த எடிட்டிங் அறைக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"என்கிட்ட உங்க பையன் படம் இருக்குன்னு யார் சொன்னது?"

"காமிரா வச்சிருந்த பொண்ணு ஒருத்தி அவன் பின்னாடியே ஓடினான்னு அவன் கூட்டாளி சொன்னான். எந்தத் தெருப் பக்கம் போனான்? அதையாவது சொல்லேன் கண்ணு!"

தெருவைக் கேட்டதும் ஜிபெக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெற்றவளுக்குப் பிள்ளை முகம் போதும். தெருப் பெயர் யாருக்குத் தேவை என்று தெரியாதா என்ன?

"நல்லா நடிக்கிறீங்கம்மா. ஆனா நான் படிக்கிறதே சினிமாதான். கிளம்புங்க."

அந்த அம்மாள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "நீயும் ஒருநாள் பெத்துப் பாரு, அப்பத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஜிபெக்குக்குப் படபடப்பு அடங்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஆய்வு வழிகாட்டி எசென்பெக் உள்ளே வந்த பிறகுதான் போன மூச்சு திரும்பியது. அவர் வந்ததும் வராததுமாக ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"போலீஸ் ஆள் அனுப்புது சார். ஒரு பொம்பளை, பெத்த தாய்னு சொல்லிக்கிட்டு வந்து கெஞ்சுறா. ஒண்ணுமே காட்டாம துரத்திட்டேன்."

"அப்படிப் போடு! என் மாணவின்னா சும்மாவா?" எசென்பெக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவ போனா இன்னொருத்தி வருவா. அதுக்குள்ள வேலையை முடிச்சிரணும். முதல்ல மிர்லான் வர்ற இடத்தை எடு. முகத்தை மட்டும் மங்கலாக்கினாப் பத்தாது. நடை, சட்டைன்னு எதை வச்சு வேணும்னாலும் பிடிச்சிருவானுங்க. நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன்."

இரண்டு வருடமாகத் தகப்பனைப் போல அவளைத் தாங்கிப் பிடித்த மனிதர். ஜிபெக் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

திரையில் ஒரு ஒல்லிப் பையன் நெற்றியில் ரத்தத்தோடு ஓடினான். சந்துக்குள் திரும்பினான், தடுக்கி விழுந்தான், எழுந்தான். ஒரு பச்சை கேட் லேசாகத் திறந்து, யாருடைய கையோ அவனைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

"எத்தனை தடவை பார்த்தாலும் அழுகை வருது சார்." இருபது நாளாக நெஞ்சில் சுமந்ததை யாரிடமாவது இறக்கிவைத்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு. "ரயில் பாதைக்குப் பின்னால, பேக்கரியிலிருந்து நாலாவது வீடு. முந்தாநாள் அந்தப் பக்கம் போனேன். ஜன்னல்ல ஒரு நிமிஷம் அவன் முகம் தெரிஞ்சுது. நல்லா இருக்கான்."

"இதை வேற யார்கிட்டயும் சொல்லிராத," என்றார் எசென்பெக். "போய்த் தண்ணி பிடிச்சுட்டு வா, டீ குடிக்கலாம்."

நடைவழிக் குழாயில் கெட்டிலைப் பிடித்தபடி ஜிபெக் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மொட்டைப் பாப்ளர் மரத்தடி பெஞ்சில் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழைத்துப்போக எந்தக் காரும் வரவில்லை. மடியில் ஒரு பையனுடைய ஸ்வெட்டர். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

பாவி, பெற்றவளையா துரத்திவிட்டோம்? சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உடனே மேலே கூட்டிவந்து மகன் முகத்தைக் காட்டிவிட வேண்டும். கெட்டிலை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. திரையில் பையன் அப்படியே உறைந்து நின்றான். எசென்பெக் முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"பச்சை கேட் வீடு சார், பையன் உள்ளதான் இருக்கான்."