இரண்டாவது ‘போதும்’

விருந்துக்கு வந்த சம்பந்தி ஒருமுறை ‘போதும்’ என்றதுமே தோசை இயந்திரம் அடுப்பை அணைத்துவிட்டது. அவர் அரை வயிற்றோடு எழுந்து போனது செண்பகவல்லியை ஒரு மாதமாக உறுத்தியது.

“என் நிரலை நானே திருத்தி எழுதட்டுமா?” என்று இயந்திரம் கேட்டது.

“நீ எழுதின லட்சணத்தைத்தான் பார்த்தேனே” என்றவள், ஐம்பத்தெட்டு வயதில் தன் முதல் நிரலைத் தானே எழுத உட்கார்ந்தாள். நான்கு முறை பிழை காட்டியது. ஐந்தாவது முறை ஓடியது.

‘முதல் போதும் என்றால் இன்னொன்று வை. இரண்டாவது போதும் என்றால் நிறுத்து.’

மகள் வாசித்துப் பார்த்தாள். “காலேஜ்ல நான் முதல்ல எழுதின புரோகிராம் என் பேரை மட்டுந்தாம்மா காட்டுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். மூன்றாவது தோசையோடு “போதும்” என்று தட்டைக் கையால் மறைத்தார். கை விலகியதும் இயந்திரம் இன்னொன்றை வைத்தது.

அவர் சட்னிக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.