பத்தாவது புகார்

கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் வேலை அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அதில் பத்துப் புகார்கள் ஏறாவிட்டால், அந்த ஆபீசுக்கு மெக்கானிக்கே வேண்டாம் என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. மதியம்வரை ஒன்றுகூட வரவில்லை.

"ஆண்டவா, நீயே பார்த்துக்கோ" என்று கண்ணை மூடினார்.

போன் அடித்தது. டைப்பிஸ்ட் அக்கா.

"தம்பி, ஓடி வாங்க! விண்டோ ஸ்கிரீனுக்கு வெளியே போயிடுச்சு. சேவ் பட்டனையே காணோம்!"

ஓடிப்போய் விண்டோவைச் சுருக்கி உள்ளே இழுத்துவிட்டார். திரும்புவதற்குள் அதே புகாரோடு கேஷியர் கூப்பிட்டார். அப்புறம் ஸ்டோர் கீப்பர். அவரிடம் கேட்டேவிட்டார்.

"என்னண்ணே, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கெல்லாம் ஒரே நாள்ல கொழுப்பு ஏறிடுச்சா?"

"எனக்கென்னப்பா தெரியும்? நீ சுருக்கு, நோட்டுல எழுது!"

தலைகால் புரியாத சந்தோஷத்தில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாகப் பறந்தார். நாலரை மணிக்கு ஒன்பது புகார்கள். அதற்குப் பிறகு போன் வாயையே திறக்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அடித்தது. மேனேஜர்! தலைமை அலுவலகத்துக்கு அந்த நோட்டை அனுப்பப்போகிறவரே அவர்தான்.

"என் விண்டோவும் வெளியே போயிடுச்சுப்பா. முதல்ல நோட்டுல எழுது. அப்புறம் மெதுவா வா."

எழுதினார். மெதுவாக வர அவரால் முடியவில்லை. ஒரே ஓட்டமாக ஓடிக் கதவைத் தள்ளினார்.

மேனேஜரின் விண்டோ ஸ்கிரீனுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் டைப்பிஸ்ட் அக்கா பதறினாள்.

"அய்யோ, தம்பி வந்துடுச்சு சார்! சீக்கிரம் கீழே இழுங்க, சேவ் பட்டன் மறையணும்!"