மூன்றாம் எண் ட்ரையல் ரூம்

"அண்ணே, பின்வாசல் எங்கிட்டு இருக்கு? எம்புருசன் அருவாளோட வர்றான்!"

உதட்டில் ரத்தம் ஒழுக மதுரை ஜவுளிக்கடைக்குள் ஓடிவந்தவளை, தூணில் பீக்கன் பொருத்திக்கொண்டிருந்த இன்பசேகர் ஒரு ட்ரையல் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். அவன் நிறுவனத்தின் நூறாவது பீக்கன் அது. கடைக்குள் யார், எந்த மூலையில் நிற்கிறார் என்று கையிலிருக்கும் போனை வைத்தே அறிந்து, அவருக்கும் கடையில் பதிந்த அவர் குடும்பத்தாருக்கும் சலுகைச் செய்தி அனுப்பும் சின்ன வெள்ளைப் பெட்டி.

புருஷன் வந்தான். புடவை அடுக்குகளை வெட்டிச் சரித்தான். குறுக்கே வந்த விற்பனையாளரின் தோளில் அரிவாள் இறங்கியது.

"பவளம்! வெளிய வாடி!"

காறித் துப்பிவிட்டு வெளியேறினான். இன்பசேகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசற்படியில் புருஷனின் போன் சிணுங்கியது. படித்தவன் திரும்பி வந்தான். இந்த முறை எங்கும் தேடவில்லை. நேரே மூன்றாம் கதவை எட்டி உதைத்தான்.

இன்பசேகர் பாய்ந்து அரிவாளை வெறுங்கையால் பற்றியபோது அவனுடைய இரண்டு விரல்கள் போயின. அதற்குள் அவள் கழுத்தில் வெட்டு விழுந்திருந்தது.

போலீஸ்காரர் அவள்மேல் ஒரு புடவையைப் போர்த்திவிட்டு, விலங்கு மாட்டியவனைக் கேட்டார்: "அவ இந்த ரூம்லதான் ஒளிஞ்சிருக்கான்னு எவன்டா ஒனக்குச் சொன்னது?"

அவன் கண்ணால் சட்டைப் பையைக் காட்டினான். போலீஸ்காரர் போனை எடுத்துச் சத்தமாகப் படித்தார். இன்பசேகர் தானே எழுதி, நண்பர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட வாசகம் அது.

"உங்கள் மனைவி இப்போது மூன்றாம் எண் ட்ரையல் ரூமில் இருக்கிறார். ஓடி வந்து அசத்துங்கள்!"