சத்தத்துக்கு ஒரு நோட்டு

“உஷ்! ஆரம்பிச்சிடுச்சு பாருங்க!”

ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் தன் அறைச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினார். வீட்டுக்கார அம்மாளும் பக்கத்தில் போய்த் தன் காதை ஒட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கும் பெண்ணின் அறை. அவளோ இந்தப் பக்கம், இவர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கர்… கர்… கேக்குதாம்மா? இவ கதவைப் பூட்டிட்டு வெளியே போனாலும் அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும். மனுஷன் கண்ணசர முடியல.”

“லேசா… கேக்குற மாதிரிதான் இருக்கு,” என்றாள் வீட்டுக்கார அம்மாள். நல்ல மனுஷி. கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வது ஒன்றுதான் அவளிடம் உள்ள குறை.

சத்தம் நிற்காவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று பத்து நாள் முன்பே சொல்லியாகிவிட்டது. பாடப் புத்தகங்களைக் கணினியில் அச்சுக்குக் கோத்துக் கொடுத்து, யார் தயவும் இல்லாமல் அந்த ஓர் அறையில் காலூன்றியவள் அந்தப் பெண். அதை விட்டால் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணி ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதற்குள் ஒன்பது பேச்சுப் பேசுவாள்.

“நான் என்னதான் சார் செய்யல?” என்றாள் அவள். “ஹார்டு டிஸ்க்தான் கத்துதுன்னு கண்டுபிடிச்சு, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ரப்பர் வாஷர் போட்டேன். மேஜை அதிருதுன்னீங்க. பெட்டியைத் தரையில எறக்கி, மடிச்ச போர்வை மேல வெச்சேன். அப்பவும் கேக்குதுன்னீங்க. டிஸ்க்கைக் கழட்டி எலாஸ்டிக் பட்டையில தூளி மாதிரி தொங்க விட்டேன். பெத்த புள்ளைக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க.”

“அந்தக் கதையெல்லாம் வேண்டாம். சத்தம் நின்னுச்சா? அதைச் சொல்லு!”

அவர் ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். முப்பது வருஷம் உள்ளே வந்த ஆணியையும் வெளியே போன ஆணியையும் பதிந்த கை சும்மா இருக்குமா? தேதி, நேரம், எத்தனை நிமிஷம், சத்தத்தின் தரம் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டி வைத்திருந்தார்.

“இந்த வாரத்தை மட்டும் படிக்கிறேன், கேளுங்க. திங்கள் மத்தியானம் நாப்பது நிமிஷம், பலம். செவ்வாய் காலையில மிதம். புதன் சாயங்காலம் அகோரம். இன்னிக்குக் காலையிலேருந்து ஓயவே இல்ல.”

அவருடைய அக்கா மகன் அடுத்த மாதம் மாற்றலாகி வருகிறான், அவனுக்குப் பக்கத்து அறை கிடைத்தால் சௌகரியம் என்பது அந்த மாடி முழுக்கத் தெரிந்த ரகசியம். அதை மட்டும் அவர் நோட்டில் எழுதவில்லை.

“எதுக்கும்மா வம்பு?” என்று வீட்டுக்கார அம்மாள் சமாதானத்துக்கு வந்தாள். “நீயும் திங்கட்கிழமை விடிஞ்சதும் போர்வையில என்னமோ பெரிசா சுத்தி எடுத்துக்கிட்டுப் படி எறங்கினியே. சரி, சாமானை மாத்த ஆரம்பிச்சிட்டேன்னுதான் நான் நெனச்சேன்.”

“நான் எங்கேயும் போகலம்மா. போற உத்தேசமும் இல்ல.”

“பாத்தீங்களா திமிரை!” என்று ஸ்டோர் கீப்பர் குதித்தார்.

“திமிர்தான் சார். அந்த நோட்டை இப்படிக் குடுங்க.” வாங்கி, அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தாள். “இந்த வாரம் எழுதினது எல்லாம் உங்க காதால கேட்டதுதானே?”

“அதுல என்ன சந்தேகம்?”

“அப்ப கீழே கையெழுத்துப் போடுங்க. அம்மாவும் சாட்சிக்குப் போடட்டும். நீங்க கேட்டது நெசம்னா மாசக் கடைசி எதுக்கு? இன்னிக்கே காலி பண்றேன்.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டு சுழித்துச் சுழித்துப் போட்டார். வீட்டுக்கார அம்மாள் தயங்கித் தயங்கி அதன் கீழே போட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் பாவமாகத்தான் இருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற பெண்ணை யார் காப்பாற்ற முடியும்?

அந்தப் பெண் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. நீங்களே போய் அந்தச் சத்தத்தை உங்க கையாலயே நிறுத்திட்டு வாங்க சார்.”

ஸ்டோர் கீப்பர் சாவியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போனார். பக்கத்து அறைப் பூட்டு திறக்கும் ஓசை கேட்டது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, ஆளைக் காணோம்.

வீட்டுக்கார அம்மாள் மறுபடியும் சுவரில் காதை வைத்தாள். “இன்னும் கர் கர்னுதான் கேக்குது. உள்ளே போய் இவ்வளவு நேரம் என்னதான் பண்றாரு?”

“தேடிக்கிட்டிருப்பாரும்மா. கம்ப்யூட்டர் திங்கட்கிழமையே ரிப்பேர் கடைக்குப் போயிடுச்சு.”