வேலிக்கு மேலால் ஒரு கயிறு

பரிமளாவுக்கும் அவள் கணவன் நேசராசாவுக்கும் பிறவியிலேயே காது கேளாது. அதனால் அடுத்த வீட்டுத் திரேசம்மா வேலிக்கு மேலால் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியில் அவர்கள் வீட்டுக்குள் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தாள். குண்டுபோட விமானம் வந்தால் கயிற்றை இழுப்பாள். துணி துள்ளும், அவர்கள் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள்.

அவர்களுடைய மகளுக்கு நாலு மாதம். பிள்ளைக்குக் காது கேட்குமா என்று சோதித்துப் பார்க்க இருவருக்கும் பயம். திரேசம்மாவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அன்று காலை ஏணைத் தொட்டிலில் கிடந்த குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்து அழுதது. பரிமளா துணியைப் பார்த்தாள். அது அசையவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிய பிறகுதான் துணி துள்ளியது.

குழிக்குள் வந்து குதித்த திரேசம்மாவிடம் பரிமளா கைச்சாடையால் நடந்ததைச் சொன்னாள். திரேசம்மா குழந்தையின் தலைக்குப் பின்னால் நின்று கைதட்டினாள். குழந்தை திரும்பியது. மற்றப் பக்கம் தட்டினாள். அந்தப் பக்கமும் திரும்பியது.

"கேக்குது பிள்ளை! இவளுக்குக் கேக்குதடி!"

திரேசம்மா தன் காதைப் பிடித்துக் காட்டியபடி அந்த இடுக்கிலேயே ஆடினாள். நேசராசா சிரித்துக்கொண்டே அழுதான்.

அப்போது பக்கத்தில் எங்கோ குண்டு விழுந்து, தலைமேல் மண் கொட்டியது. குழந்தை வீரிட்டது.

"அந்தக் கோதாரியைக் கேளாதை, என்ரை குஞ்சு. இதைக் கேள்" என்று திரேசம்மா அதன் காதருகே குனிந்து உரத்துப் பாடத் தொடங்கினாள். பரிமளா அவளுடைய தொண்டையில் விரல்களை வைத்துக்கொண்டாள்.