கண்ணாடி வேண்டாம்

"கண்ணாடியைக் கழட்டுடி! கேட்டைத் திறக்கிறாங்க."

ஜெபமலர் மகளின் முகத்திலிருந்து தானே கண்ணாடியை உருவி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். மைனஸ் எட்டு பவர். ஜெனிட்டாவுக்கு வீடே கலங்கிப்போனது.

"உண்மையைச் சொல்லிடலாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"வாயை மூடு. கண்ணாடி போட்ட பொண்ணு வேண்டவே வேண்டாம்னு மாப்பிள்ளையோட அம்மா தரகர்கிட்ட முதல்லயே சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறாங்க. ரெண்டு பேர் பேரையும் ஊரறியச் சொன்னதுக்கப்புறம் சம்பந்தம் முறிஞ்சா, நான் பூசைக்குப் போக முடியுமா?"

பெண் பார்க்க வந்த அன்று கான்டாக்ட் லென்ஸ் மானத்தைக் காப்பாற்றியது. கல்யாணத்துக்குள் லேசர் செய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஜெபமலர் போட்ட கணக்கில்தான் மண் விழுந்தது. கருவிழி மெலிசு, வழக்கமான லேசர் கூடவே கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மேற்பரப்பில் மட்டும் செய்கிற லேசரும் இவ்வளவு பவருக்குச் சந்தேகம்தான். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைப்பது நல்லது. எதற்கும் இன்னொரு தடவை அளந்து பார்த்துவிடலாம், அதுவரை கான்டாக்ட் லென்ஸைத் தொடவே கூடாது என்றார்.

அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் குமாரபாளையத்திலிருந்து வந்து நிற்க வேண்டும்?

"நீலச் சட்டை மாப்பிள்ளை, ரோஸ் புடவை அவங்கம்மா. கண்ணைச் சுருக்காதே," என்று காதில் ஓதிவிட்டு, காபித் தட்டைக் கையில் கொடுத்தாள் ஜெபமலர்.

ஜெனிட்டா ரோஸ் நிறத்தை நோக்கி நடந்தாள்.

"ஏன் சாமி, இப்படி இளைச்சுப்போயிட்டே?" என்றது ரோஸ் நிறம். மாப்பிள்ளையின் அம்மா ஹெலன்.

"அதெல்லாம் இல்லைங்க அத்தை."

அடுத்து நீலம். ஜோஸ்வாவின் கை டம்ளரைத் தாண்டிப்போய்த் தட்டில் இடித்தது. காபி தளும்பியது. நாம்தான் தட்டைக் கோணலாக நீட்டிவிட்டோம் என்று நினைத்து ஜெனிட்டா தட்டை நேராகப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சு முடிஞ்சதும் புடவை எடுத்துப்போடலாங்க," என்றாள் ஹெலன். "டேய் ஜோஸ்வா, செல்லுல புடவை போட்டோ வெச்சிருக்கியே, காட்டு. அவளுக்குப் பிடிச்சதுதான் நமக்கு."

"இங்க வெளிச்சம் பத்தலம்மா. வராண்டாவுல காட்டறேன்."

 ஜெபமலரால் கூடவே போகவும் முடியாது. ஜெனிட்டா சுவரைத் தடவாமல், காலால் நிலைப்படியைத் தேடிக் கடந்து வராண்டாவுக்கு வந்தாள்.

 ஜோஸ்வா செல்லை நீட்டினான்.

"நல்லாப் பாருங்க. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் மாத்த முடியாதுங்க."

 ஒரு புடவைக்கு இவ்வளவு தவிப்பா? பாவம், நல்ல மனுஷன் என்று அவளுக்கு இரக்கமே வந்துவிட்டது. செல்லைக் கண்ணருகே கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும். இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் பச்சை.

"ரொம்ப நல்லாருக்குங்க."

"நெஜமாவா? உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"இதுல வருத்தப்பட என்னங்க இருக்கு? எனக்குப் பிடிச்சிருக்கு. பச்சை பார்டர்தான் எடுப்பா இருக்கு. இதையே எடுத்துடலாம்."

ஜோஸ்வா செல்லைத் திருப்பித் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஏதோ தப்பாகிவிட்டது என்று ஜெனிட்டாவுக்கு உறைத்தது. 

"இது புடவை இல்லைங்க, என் கண்ணை எடுத்த கலர் ஸ்கேன்," என்றான் அவன் மெதுவாக. "கருவிழி மெலிசாம், லேசர் பண்ண முடியாதுன்னுட்டாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் கண்ணாடியை மறைச்சுரலாம்னு அம்மா சொன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கலை."

பிறகு சட்டைப் பையிலிருந்து தடிமனான கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் கண்களையே உற்றுப் பார்த்தபடி கேட்டான்: "உங்களுக்கு எவ்வளவுங்க பவரு?"